மூடவில்லை, மாற்றுகிறோம்

நூலகத்தை மூடுவதாக எந்த ஊராட்சியும் தீர்மானம் போடுவதில்லை. அப்படிப் போட்டால் எதிர்ப்பது நமக்குச் சுலபம். "பொதுமக்கள் நலன் கருதி நூலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுவது" என்றுதான் எழுதுவார்கள். நான் வேலை செய்யும் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டில் இந்த ஆகஸ்ட் 15 கிராம சபைத் தேதியிட்டு இப்படி ஒரு வரி ஏறியிருக்கிறது. பல கையெழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் காலனிக்காரர்களுடையவை. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கட்டடம். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டின் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளை ஐந்து ஆண்டுகளில் சுற்றி வந்து, ஊராட்சிக்குச் சராசரியாக 20 லட்சம் ரூபாய் செலவிட்ட திட்டம். ஊருக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல் அதன் அடையாளங்கள். 2011-இல் ஆட்சி மாறியதும் திட்டமும் நின்றது. நான் பார்த்த ஊர்களில் அந்த நூலகங்கள் பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கும் உடைந்த குப்பை வண்டிக்கும் கிடங்காகின. 2021-க்குப் பிறகு இரண்டாம் கட்டம் என்று திட்டம் திரும்பி வந்தபோது சில கட்டடங்களுக்கு வெள்ளையடித்தார்கள், மின்விசிறி மாட்டினார்கள். நான் சொல்லும் ஊரில் அப்படி மீண்ட ஒற்றை அறைதான் நூலகம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், தார்ச்சாலை ஓரம், புறம்போக்கில் நிற்கிறது. ஊரிலிருந்தும் ஐந்து நிமிட நடை, காலனியிலிருந்தும் ஐந்து நிமிட நடை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் சமத்துவம் பற்றியெல்லாம் யோசித்திருக்க மாட்டார். காலியாக இருந்தது, கட்டினார்கள். ஆனால் அந்த ஊரில் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஒரே கூரை அதுதான்.

நூலகத்துக்கு யார் வருகிறார்கள்? காலையில் தினத்தந்தி படிக்க நாலைந்து பெரியவர்கள். மாலையில் குரூப் 4, காவலர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். தேர்வுக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள சமச்சீர்ப் பாடப்புத்தகங்கள்தான் அங்கே தங்கம். மற்ற அலமாரிகளில் தூசி. சமூக அறிவியல் புத்தகம் மட்டும் கைக்குக் கை மாறி அட்டை கிழிந்து, சாக்கு ஊசியால் தைக்கப்பட்டிருக்கிறது. காலனிப் பெண்பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போகிறார்கள். ஊர்ப் பையன்களும் வருகிறார்கள். ஒரே பெஞ்சு, ஒரே மின்விசிறி. விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை வரும், அதுவும் இரண்டு தெருவுக்கும் பொதுவான சண்டை. கணக்கில் சுமாரான ஓர் ஊர்ப் பையனுக்குக் காலனிப் பெண் ஒருத்தி தனிவட்டி சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தது நான் மட்டும் இல்லை என்பதுதான் பிரச்சினை என்று காலனியில் ஓர் அக்கா சொல்கிறார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நிரூபிக்க முடியாததை மனுவில் எழுத முடியாது.

நிரூபிக்க முடிந்தது தீர்மானம். இப்போதைய நூலகக் கட்டடத்தை ரேஷன் கடைக்குக் கொடுப்பது. நூலகத்தை ஊருக்குள் மாரியம்மன் கோயிலை ஒட்டி இருக்கும் பழைய பள்ளிக்கூட அறைக்கு மாற்றுவது. ரேஷன் கடை இப்போது வாடகை வீட்டில் நடக்கிறது, மழை வந்தால் அரிசி மூட்டை நனைகிறது, அது உண்மை. காலனிப் பெண்களே பல முறை புது ரேஷன் கடை கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தத் தீர்மானத்தை எதிர்த்தால் "உனக்கு அரிசி வேணாமா?" என்று கேட்க முடிகிறது. நல்ல தேவை ஒன்றின் முதுகில் ஏற்றித்தான் இதை அனுப்பியிருக்கிறார்கள். தொட்டிக்குப் பின்புறமே ஊராட்சிக்குச் சொந்தமான காலி இடம் கிடக்கிறது. ரேஷன் கடையை அங்கே கட்டலாமே என்ற கேள்விக்கு இன்றுவரை எழுத்தில் பதில் இல்லை. நிதி இல்லை என்று வாய்வழியாக ஒரு பதில் வந்தது.

ரேஷன் கடை மட்டும் பொது இடத்தில் இருக்கலாம், நூலகம் மட்டும் ஏன் ஊருக்குள் போக வேண்டும்? எனக்குத் தோன்றுவது இது. ரேஷன் வரிசையில் பத்து நிமிடம் நிற்பீர்கள், அட்டையைக் காட்டுவீர்கள், பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. நூலகத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் வைத்த புத்தகத்தை இன்னொருவர் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பேச்சு வரும், பேரைக் கேட்பார்கள். சாதி ஊருக்குப் பொதுவாக நிற்பதில் இப்போது பெரிய சங்கடமில்லை, பொதுவாக உட்காருவதில்தான் சங்கடம்.

புது இடத்துக்குப் போகும் வழியைப் பிள்ளைகளோடு நடந்து பார்த்தேன். தார்ச்சாலையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ஊரின் நடுத்தெரு முழுக்க நடந்து கோயில் வாசலுக்குப் போக வேண்டும். யாரும் தடுக்கவில்லை. தடுக்கவும் மாட்டார்கள், அது 1990-கள் இல்லை. டீக்கடைத் திண்ணையிலிருந்து ஒருவர் கேட்டார், "எந்தத் தெரு புள்ளைங்க?" அவ்வளவுதான். எந்தத் தெரு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறாவது படிக்கும் சிறுவன் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆடி மாதம் காப்புக் கட்டினால் அந்தத் தெருவில் என்ன நிலவரம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் அன்று மாலையே முடிவு சொல்லிவிட்டார்கள். "ஆறு மணிக்கு மேல அந்தத் தெருவழியா பொண்ண அனுப்ப மாட்டம்மா."

இங்கேதான் சட்டம் நழுவுகிறது. அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடத்துக்குத் தீண்டாமையின் பேரில் ஒருவரை அனுமதிக்க மறுத்தால் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம் பொது இடங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை இன்னும் விரிவாகக் குற்றமாக்கியது. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1924-இல், பொதுச் சாலையும் கிணறும் குளமும் அரசு அலுவலகமும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். ஆனால் எங்கள் ஊரில் யார் யாரைத் தடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கட்டடத்தை இருநூறு முந்நூறு மீட்டர் நகர்த்தினார்கள், பிள்ளைகள் தாமாக நின்றுகொள்வார்கள். அடுத்த ஆண்டு பதிவேட்டைப் பார்த்து "வாசகர் வருகை குறைவு" என்று எழுதலாம். அதற்கடுத்த ஆண்டு பூட்டலாம்.

சமூகவியல் முதுகலையில் இடத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு என்று நிறையப் படித்தேன், தேர்வில் எழுதவும் செய்தேன். அந்தத் தெருவில் ஒரு நடை நடந்திருந்தால் போதும், பாதிப் புத்தகம் மிச்சம்.

இடம் முக்கியம் என்பதை நூலகத் துறையின் மூலவரே சொல்லியிருக்கிறார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்கானது என்பது. அந்த விதிக்கு விளக்கம் எழுதும்போது அவர் பேசுவது நூலகம் எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம்தான். ஊர்க் கோடியில், மக்கள் போகாத இடத்தில் நூலகம் வைத்தால் புத்தகம் பயன்பாட்டுக்கு இல்லை என்று பொருள். சாதி பிரித்த ஊரில் "மக்கள் போகாத இடம்" ஒவ்வொரு தெருவுக்கும் வேறு வேறு. அதை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரங்கநாதனின் முயற்சியில் பிறந்ததுதான் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது, இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரி நூறு என்றால் நூலக வரி பத்து என்று தனியாக அச்சாகியிருக்கும். காலனியில் தொகுப்பு வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். ஊராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எல்லாம் அந்த ஆணைக்குழுவின் கீழ் நடப்பவை. ஆனால் நான் சொல்லும் மறுமலர்ச்சித் திட்ட நூலகம் ஊராட்சியின் கையில், ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் இருக்கிறது. ஆக, நம் ஆள் கட்டும் நூலக வரி ஒரு துறைக்குப் போகிறது, அவர் வீட்டுப் பிள்ளை படிக்கும் நூலகம் இன்னொரு துறையில் கிடக்கிறது. மாவட்ட நூலகத்தில் கேட்டால் "அது ஊராட்சி நூலகம்மா, எங்களுது இல்ல" என்பார்கள். ஒன்றியத்தில் கேட்டால் "புக்கெல்லாம் லைப்ரரி டிபார்ட்மெண்ட்தான் தரணும்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் கோப்பின்படி சரி.

இப்போது அந்தக் கையெழுத்துகள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான். எங்கள் ஒன்றியம் அதில் வருகிறது. ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே அதிகாரி. ஊராட்சி மன்றம் செய்ய வேண்டியதையும் தலைவர் செய்ய வேண்டியதையும் அவரே செய்கிறார். காலனி வார்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர் இருந்திருந்தால், பேச்சு எடுபடாவிட்டாலும் "ஆட்சேபம்" என்று ஒரு வார்த்தையாவது பதிவேட்டில் ஏறியிருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட நம் ஆட்களுக்கு அந்த நாற்காலியில் என்ன மரியாதை கிடைத்தது என்பது தனிக் கதை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பெண்ணையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கும் முன்னால், 1997-இல் மேலவளவு. இருந்தும், தரையில் உட்கார வைக்கப்பட்டவருக்கும் பதிவேட்டில் கையெழுத்து உரிமை இருந்தது. இப்போது அதுவும் இல்லாத காலத்தில்தான் இப்படிப்பட்ட இடமாற்றங்கள் நடக்கின்றன.

மிச்சம் இருப்பது கிராம சபை. 500-க்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் கூட்டம் செல்ல 100 பேர் வர வேண்டும். அந்த நூறு பேரை எப்படிச் சேர்ப்பார்கள் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்காரர்களை வரச் சொல்வார்கள். வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். வேலைக்கு வந்த கையெழுத்து என்று நினைத்துப் போட்டவர்களும் உண்டு. தேசியக் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, குடிநீர், தெருவிளக்கு என்று நாலு பேச்சு பேசி முடிந்துவிடும். தீர்மானங்கள் பிறகு எழுதப்படும், கையெழுத்துகள் அவற்றின் தலையில் ஏறும். எங்கள் காலனியின் அக்காக்கள் நூலகத்தை ஊருக்குள் அனுப்ப "ஒப்புதல்" தந்தது இப்படித்தான். அவர்களிடம் தீர்மானத்தைப் படித்துக் காட்டியபோது ஒருவர் கேட்டார், "இதுக்கா கையெழுத்து வாங்கினாங்க? ஏரி வேலைன்னுல்ல சொன்னாங்க."

தீர்மான நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப்போட்டு வாங்கினோம். 30 நாள் அவகாசத்தில் இருபத்தெட்டாவது நாள் தபால் வந்தது. தோழர்களே, ஆணவக்கொலைக்கும் சிலை உடைப்புக்கும் மறுநாளே தெருவில் நிற்கிறோம், நிற்கத்தான் வேண்டும். அம்பேத்கர் சிலைக்கு இரும்புக் கூண்டு போட்டால் மொத்த மாவட்டமும் பேசுகிறது. நம் ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டை மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்கும் ஒருவர் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறாரா? எட்டு மாடி அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-இல் இடம் மாற்றி அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்குவதாக அறிவித்தபோது எழுத்தாளர்களும் மாணவர்களும் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அங்கேயும் மருத்துவமனை என்ற நல்ல பெயர்தான் சொல்லப்பட்டது. ஒற்றை அறை நூலகத்துக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள். நாமேதான் வர வேண்டும்.

காலனிக்குள் நடந்த விவாதம்தான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. எதிராளியோடு பேசுவதைவிட. ஊர்ப் பெரியவர் ஒருவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுபவர், இயக்கத்தில் என் வயதுக்கு மேல் அனுபவம் உள்ளவர். அவர் சொன்னார்:

"விடும்மா. அவன் நூலகத்த அவனே வச்சிக்கட்டும். நம்ம சமுதாயக் கூடத்துல அம்பேத்கர் படிப்பகம்னு ஒன்னு கேப்போம். ஒரே நாள்ல குடுத்துடுவான். நம்ம புள்ளைங்க நம்ம எடத்துல, தலை நிமுந்து படிக்கட்டும். அங்க போயி கூனிக்குறுகி எதுக்கு?"

இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. நம் வரலாறே தனியாகக் கட்டிக்கொண்ட வரலாறு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஒரு பைசாத் தமிழன் தொடங்கியது இன்னொருவர் பத்திரிகையில் இடம் கேட்டு இல்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைக் கட்டியெழுப்பியிருக்காவிட்டால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனை பேர் பள்ளிப் படியேறியிருப்பார்கள்? தனியாகக் கட்டியவை நம்மைக் காப்பாற்றின. பெரியப்பா அந்தத் தொடர்ச்சியில் நின்றுதான் பேசுகிறார்.

எனக்கு உடன்பாடில்லாதது ஒரு சொல்லில்தான். "விடும்மா." படிப்பகம் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அது நூலகத்துக்கு மாற்றாக, பேரம் பேசி வாங்கியதாக இருக்கக் கூடாது. "ஒரே நாள்ல குடுத்துடுவான்" என்கிறார், அந்த வேகத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன். இருபது ஆண்டுகளாக மயானப் பாதை கேட்டு அலைந்தவர்களுக்கு ஒரே நாளில் எது கிடைக்கும்? தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனித் தொட்டி எல்லாம் இப்படி வேகமாகத்தான் கிடைத்தன. தனியாகக் கொடுத்ததில் நிம்மதியாக இருக்க விட்டார்களா என்றால், 2022 டிசம்பரில் வேங்கைவயல் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். நாம் விரும்பிக் கட்டுவது வேறு. நம்மை ஒதுக்கிவிட்டு ஒதுக்கிய இடத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டித் தருவது வேறு, அம்பேத்கர் பெயரே ஆனாலும்.

இன்னொன்றும் பெரியப்பாவிடம் சொன்னேன். பொது நூலகம் போனால் இழப்பு நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. அந்த ஊர்ப் பையன்கள் தங்கள் வயதில் ஒரு காலனிப் பிள்ளையோடு சமமாக உட்கார்ந்த ஒரே இடம் அது. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் கயிறு நிறம் பிரிக்கிறது, பேருந்தில் இருக்கை பிரிகிறது. இருக்கிற ஒரு பெஞ்சையும் நாமே விட்டுக்கொடுக்கலாமா? அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "நீ படிச்ச புள்ள, பேசுவ" என்றார். இரண்டு நாள் கழித்து மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. "படிப்பகமும் தனியா வேணும்னு ஒரு வரி எழுதிக்க" என்று சொல்லித்தான் போட்டார். எழுதினோம்.

மனுவில் மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறோம். ஊராட்சிச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்தி இந்தத் தீர்மானத்தை நிறுத்த வேண்டும். ரேஷன் கடையைத் தொட்டிக்குப் பின்னால் உள்ள இடத்தில் கட்ட வேண்டும், அதற்குக் காலனியும் சேர்ந்து குரல் கொடுக்கும். சமுதாயக் கூடத்தில் படிப்பகம், இது பெரியப்பாவின் வரி. மனுவோடு நூலகத்தின் வருகைப் பதிவேட்டு நகலை இணைத்தோம். கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண்தான் அதை நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தாள். பெயர், வகுப்பு, வந்த நேரம், போன நேரம். தெரு என்று ஒரு கட்டம் அச்சாகியிருந்தது. அதை மட்டும் யாருக்கும் அவள் நிரப்பவில்லை.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு ரசீதோடு திரும்பி, வழக்கம்போல் அதே ஒன்றிய அலுவலகத்துக்கு "உரிய நடவடிக்கைக்காக" வந்து சேர்ந்திருக்கிறது. யார் மீது புகாரோ அவரிடமே விசாரணை. அதையும் எழுதி இன்னொரு மனு போட்டிருக்கிறோம். அலமாரிகளை எடுக்க ஒரு நாள் டிராக்டர் வந்தது. அன்று பிள்ளைகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தார்கள், எழுந்திருக்கவில்லை, டிராக்டர் திரும்பிப் போனது. ஊர்ப் பையன்கள் மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2, காலை 11 மணி. இந்த முறை காலனியிலிருந்து வருபவர்கள் தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பழைய சமூக அறிவியல் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் அதற்கு முன்பே கொண்டு வந்து கொடுங்கள். எங்களிடம் இருப்பது ஒரே பிரதி, அதுவும் தைத்தது.